நாங்க பாத்துக்கறமுங்க

அவிநாசி ரோட்டில் மூன்றாம் மாடி,
லிஃப்ட் பழுது.
ஏறி முடித்து மூச்சு வாங்குவதற்குள்
தண்ணீர் டம்ளரோடு வந்த பையன் சொல்லிவிட்டான்:
"எல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க."

தொண்ணூறாயிரம். வரி தனி.
மேசைமேல் ஓர் உருண்டை பூமி.
எத்தனை பேர் விரல் வைத்துக் காட்டினார்களோ,
போர்ச்சுகல் இருக்கும் இடம் வெளுத்துப் போயிருந்தது.
எனக்கு வேலை அங்கேதான்,
வட்டப் பின்னல் மெஷின் நாற்பது ஓடும் மில்லில்.
ஊசி முறிந்தால் சத்தத்தை வைத்தே
எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மேனேஜர் மதன்கோபால் என் ஃபைலைப் புரட்டினார்.
பத்தே நிமிடம்.
காப்பீடு மூன்றாம் தேதி ஆரம்பம்,
விமானம் ஒன்றாம் தேதி.
"ரெண்டு நாள் அங்க கேக்க ஆளில்லாம நிப்பீங்க."
மூன்று வாரம், நைட் ஷிஃப்ட் விட்டு வந்து
செல்போன் வெளிச்சத்தில் நான் நிரப்பியது.
கோபம் வந்தது.
மரியாதையும் வந்தது, அதுதான் எரிச்சல்.

அப்புறம் இன்னொன்று.
பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கு நடுவே கே,
பாஸ்போர்ட்டில் ஜி.
பொங்கியண்ணன்.
தமிழில் ஒரே எழுத்து,
தூதரகத்துக்கு இரண்டு ஆள்.
"ரெண்டும் நான்தான்னு உங்கப்பா
ஒரு அஃபிடவிட் போடோணுங்க."
அப்பாவும் நானும் பேசி எட்டு மாதம்.
என் முகத்தில் அது எழுதியிருந்ததோ என்னவோ,
குரலைத் தாழ்த்தினார்:
"அவரு வரவேண்டியதில்லீங்க.
கையெழுத்தையும் நாங்களே பாத்துக்கறம்."

கணக்கில் மூணு லட்சம் காட்ட
ஒரு மாச வட்டிக்குத் தருவதாகச் சொன்னபோது
யோசித்தேன், நிஜமாகவே யோசித்தேன்.
இதற்கு எழுந்துவிட்டேன்.
படி இறங்கும்போது
ஒரு கால் திரும்பிப் போகலாம் என்றது.

வெள்ளகோவில் தாண்டி, களத்தில்
தேங்காய்ப் பருப்பைப் பலகையால் தள்ளிக்கொண்டிருந்தார்.
நிமிரவில்லை.
"நோட்டரி அஞ்சு மணிக்குப் பூட்டிருவாருங்க" என்றேன்,
எட்டு மாதத்துக்கு அப்புறம் இதைத்தான் சொன்னேன்.
பலகையைச் சாத்தினார்.
கை கழுவினார், இரண்டு முறை,
எண்ணெய் போகவில்லை.

பத்திரத்தில் பெருவிரல் பளபளப்பாய்ப் பதிந்தது,
அதன் பக்கத்தில் மெதுவாய்க் கையெழுத்து.
தமிழில்.
கேயும் இல்லை, ஜியும் இல்லை.

வெளியே வந்து,
"எத்தன நாளைக்கு?"
"ஒரு வருசமுங்கப்பா. அப்புறம் நீட்டிச்சுக்கலாம்."
மொபெட்டை உதைத்தார். பிடிக்கவில்லை.
மறுபடி உதைத்தபடி,
"நீட்டிக்கறதுக்கும் நான் வரோணுமா?"

வேண்டாமுங்க என்று
சொல்லியிருக்கக் கூடாது.

சென்னை. ஏசி குளிரில் பிளாஸ்டிக் நாற்காலி.
அந்தப் பத்து நிமிடத்துக்காக மதன்கோபாலுக்கு
ஐந்நூறு அனுப்பலாமா என்று ரயிலில் நினைத்தேன்.
அனுப்பவில்லை.
பக்கத்தில் ஈரோட்டுப் பெண் ஒருத்தி,
ஏஜென்சி பெயர் அச்சடித்த உறை மடியில்,
வாய் திறந்து தூங்குகிறாள்.
நானோ தேதிகளை ஏழாவது தடவை சரிபார்க்கிறேன்.
எது மலிவு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

முதல் பெயர்: கலாமணி.
குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
வேறு எதுவும் இல்லாததால் அப்பா.

மைக் கரகரத்தது.
"பொங்கியண்ணன்… பொங்கியண்ணன், ஏழாவது ஜன்னல்."
நான் திரும்பி
வாசற்கதவைப் பார்த்தேன்.

மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.