மெழுகுப்புழு அறை

கம்பம்மெட்டுச் செக்போஸ்ட் தாண்டி
ஏலத்தோட்டத்துக்குப் பின்னால் தகரக்கூரை அறை.
மற்றவர்கள் காயெடுக்கப் போவார்கள்,
எனக்குப் புழு எண்ணும் வேலை.

பழைய தேனடையைத் தின்று கொழுத்தவை.
வெண்ணெய் நிறம். விரல் பட்டால் சுருளும்.
ஈரத்தாள் மேல் தட்டுக்குப் பத்தாகப் படுக்கவைத்து
சாக்கோச்சன் சார் தரும் தண்ணீரில்
ஒரு சொட்டு.
தெளிந்த தண்ணீர்தான். லென்ஸ் வைத்தால்
நூல்பிசிறாய் நெளியும்.

முதல் நாள் ஒன்றும் தெரியாது.
மறுநாள் அசையாது.
மூன்றாம் நாள் செங்கல் நிறம்.
அழுகல் வாடையே இல்லை,
செத்தது ஈக்குக்கூடத் தெரியாது.

சார் சொன்னார், பாதி மலையாளத்தில்:
நூற்புழுவின் குடலுக்குள் இன்னொரு உயிர்,
கண்ணுக்கு அகப்படாதது.
உள்ளே நுழைந்ததும் அதைக் கக்கும்.
அது கொல்லும், இது தின்னும்.
பெருகியதை அள்ளி ஏலவேரில் ஊற்றுவோம்,
வேர் கடிக்கிற புழுவுக்கு.
"விஷமில்லா மருந்தாக்கும், கேட்டோ."

வெளிச்சத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

ஆடிமழையில் கரண்ட் போன சாயங்காலம்.
ஜன்னலுக்குக் கறுப்புத்துணி.
தீப்பெட்டி தேடித் தடவி, கிடைக்காமல்
முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.
கண் பழகக் கால்மணி நேரம்.
பிறகு ரேக்கில், மூன்றாம் நாள் தட்டுகளில்,
கழுநீரில் நீலம் கலந்த மாதிரி
ஏதோ.

மின்மினி போல இல்லை. மின்மினி கூப்பிடும்.
இது யாரையும் கூப்பிடவில்லை.
நேராகப் பார்த்தால் மறைந்தது,
கடைக்கண்ணுக்கு மட்டும் வந்தது.

இருந்தவரை ஒரு பொட்டு வெளிச்சமில்லாத ஜென்மம்.
இப்போதும் அதனுடையதல்ல.
தின்கிறவர்கள் ஏற்றியது.
எதற்கு? விருந்துக்கா?
தட்டை உள்ளங்கையில் ஏந்தினேன்,
என் ரேகைகூடத் தெரியவில்லை,
அவ்வளவுதான் அதன் பலம்.
ஆனாலும் எண்ண முடிந்தது. பத்து.

கரண்ட் வந்ததும் நோட்டில் எழுதினேன்:
நாள் மூன்று. பத்துக்குப் பத்து.
வெளிச்சத்துக்கு அதில் கட்டம் இல்லை.

இறங்கும் ஜீப்பில் பதினேழு பேர்.
என் மடியில் பாதியாய் ஒச்சம்மா,
பதினெட்டு வருஷத்து முட்டிவலி,
துணிச்சுருக்கில் மருந்துவாடை.
மண் சரிந்து லாரிகள் நிற்க
டிரைவர் எஞ்சினையும் லைட்டையும் அணைத்தான்.

கண் பழகக் காத்திருந்தேன்.
பிறகு ஒவ்வொரு முகமாக,
நேராகப் பார்க்காமல், பக்கவாட்டில்.

இருட்டு.
நல்ல இருட்டு.
ஒரு முகமும் மினுங்கவில்லை.

"என்னடி எண்ணுற?" என்றாள் ஒச்சம்மா.