பக்க எண் இல்லாத கதவு

தண்டர் பே நகரில் பிப்ரவரி.
பனி தள்ளும் வண்டிகளை அனுப்பும் அலுவலகத்தில்
எனக்கு இரவு வேலை.
ரேடியோ, சுவரில் வரைபடம், ஆறிப்போன காப்பி.
இவற்றுக்கு நடுவே ஒரு பத்தி எழுத வேண்டும்,
ஒரே ஒரு பத்தி.
மாலைக் கல்லூரியில் திங்களன்று கேட்பார்கள்:
ஒரு கூற்று, அதற்குச் சான்று,
அந்தச் சான்று எப்படிச் சான்றாகிறது
என்பதற்கு நாலு வரி.

கதை ஆறு பக்கம்தான்.
அக்காள் போய்விட்டாள். எங்கே என்று கதை சொல்லவில்லை.
அவள் படகுக்குத் தம்பி
வசந்தம் தோறும் வர்ணம் பூசுகிறான்.
படகு ஒருமுறைகூடத் தண்ணீரில் இறங்குவதில்லை.

முதல் வரியை மூச்சுவிடாமல் எழுதிவிட்டேன்:
அவன் அவளுக்காகக் காத்திருக்கிறான்.
சான்றும் கைவசம் இருந்தது.
இரவில் அவன் கதவைத் தாழிடாமல் படுக்கிறான் அல்லவா,
அந்த வரி.
பக்க எண் போடுவது மட்டும் பாக்கி.

இரண்டாம் பக்கத்தில் தேடினேன். இல்லை.
ஐந்தில் இல்லை.
இதற்குள் ஆர்தர் தெருவில் லாரி ஒன்று சறுக்கி
குறுக்கே நின்றது.
இரண்டு வண்டிகளை அங்கே திருப்பிவிட்டு
மறுபடி முதலிலிருந்து,
வரிக்கு அடியில் விரல் வைத்து,
கடன்பத்திரம் படிப்பவளைப் போலப் படித்தேன்.

கதையில் கதவே இல்லை.
வீடு பற்றி ஒரு சொல்லும் இல்லை.
ஒரு படகு, ஒரு கொட்டகை, தூரிகைகள், தகர டப்பா.

கதவு என்னுடையது.
தம்பி ராய்னே போன நவம்பரிலிருந்து
பதினோரு குளிர்காலம்
நான் தாழிடாத கதவு.
அதைக் கழற்றிக்கொண்டு போய்
யாரோ ஒருவன் கதையில் மாட்டியிருக்கிறேன்.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
இத்தனை நேர்த்தியாக முடிச்சுப் போட
எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது.

அடித்தேன்.
இந்த முறை கூற்றைத் தேடவில்லை, படகைப் பார்த்தேன்.
நாலாம் பக்கம், நடுவில், அடைப்புக்குறிக்குள்,
அவசரக்காரி தாண்டிப்போகிற இடம்:
முதல் ஆண்டு
அவள் பெயரின் கடைசி எழுத்தின் மேல் பூசினான்.
அடுத்த ஆண்டு அதற்கு முந்தையது.
கதை முடியும்போது
படகின் மூக்கில் ஒரே ஓர் எழுத்து.

அவன் காத்திருக்கவில்லை என்று எழுதினேன்.
ஆண்டுக்கு ஓர் எழுத்தாக
அவளை விடப் பழகுகிறான்.
ஏனெனில்,
என்று தொடங்கி, அந்தச் சொல்லுக்கு முன்னால்
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
அதற்குப் பின்னால் வருவது
கல்லில் கால் வைத்தது போல் நிற்க வேண்டும்.

ஏழாம் வண்டி டெஸ்மண்ட் ஒகிமாவ்
கதையைத் துண்டு துண்டாக ரேடியோவில் கேட்டிருந்தான்.
"இர்யா, பெயிண்ட் தீர்ந்துபோயிருக்கும்.
அதனால்தான் ஒரு எழுத்து மிச்சம்" என்றான்.
சிரித்தேன். பிறகு பயந்தேன்.
அவன் சொல்வது சரியென்றால்
என் பத்தி அத்தனையும் பனிக்கட்டி.

மூன்றாம் பக்கம்: "பாதி டப்பா எப்போதும் மிஞ்சும்."

தீரவில்லை, டெஸ்மண்ட். மூன்றாம் பக்கம், ஒன்பதாம் வரி.
கொஞ்ச நேரம் வண்டியின் உறுமல் மட்டும்.
"சரி, அப்படியானால் அவனே நிறுத்தியிருக்கிறான்.
ஏனாம்?"

அது எனக்குத் தெரியாது.
பத்தியின் கடைசி வரியில் அதையே எழுதினேன்:
மையும் மனசும் மிச்சமிருந்தும்
அந்த முதல் எழுத்தை அவன் ஏன் தொடவில்லை என்பதைக்
கதை சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.
மை என்பதை அடித்து வர்ணம் என்றேன்.
மனசு என்பதையும் அடித்தேன். அதற்குச் சான்று இல்லை.

காலை ஆறரைக்கு வீடு.
வாசலில் முழங்கால் அளவு பனி, அதில் காலடி எதுவும் இல்லை.
உள்ளே போய், பூட்ஸைக் கழற்றாமல்,
தாழ்ப்பாளில் கை வைத்தேன்.
துருவேறிப் போயிருந்தது.
பாதி தூரம் நகர்ந்தது.
அப்படியே விட்டிருக்கிறேன்.