மட்டம் பார்த்தல்

பூசைக்குப் பதினொரு பேர்.
எண்ணிச் சொல்வது என் வேலை.
மோட்டார்சைக்கிளை நிறுத்த முன்னமே பாதர் கேட்பார்,
"எத்தனை அப்பம்?"

புதன் பின்னேரம், அறிவியல்நகர்,
இரண்டாம் விரிவுரை மண்டபம்.
வெண்பலகை நிறையச் சமன்பாடு,
"அழிக்க வேண்டாம்" என்று சிவப்பில்.
அழிக்காமல் அதன் முன்னே மேசையை இழுத்துத்
துணி விரித்தோம்.
நற்செய்திக்கு எழும்பி நின்றபோது றொக்சன் கண்டுபிடித்தான்,
மூன்றாம் வரியில் ஒரு சயக்குறி விடுபட்டிருந்தது.

சிலாபத்து ஹசித
பதிலுரைப் பாடலைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்துத்
தமிழில் வாசிப்பான்.
ழகரம் வரும் இடத்தில் நிற்பான்,
பாலம் உடைந்த வீதியில் பஸ் நிற்பதுபோல.
காத்திருப்போம்.

மன்றாட்டுத்தான் கஷ்டம்.
சோதனைக்காக. வேலைக்காக. மழைக்காக.
ஒருநாள் அக்சலா
"அண்ணாவுக்காக" என்றாள்.
இறந்தவர்களோடு சேர்ப்பதா
இருப்பவர்களோடா, சொல்லவில்லை.
பாதரும் கேட்கவில்லை.

ஆனியில் பங்குத் திருநாள்.
"இளைஞரையும் ஈடுபடுத்த வேணும்"
சபைக்கூட்டத்தில் ஏகமனதான தீர்மானம்.
ஈடுபடுத்தல் என்றால் கதிரை.
இருநூற்றைம்பது கதிரை
இறக்கி, அடுக்கி, திரும்ப ஏற்றி.
அப்போதுதான் அக்சலாவின் கையிலிருந்து விழுந்த
இரண்டு ரூபாய்க் குற்றி
பீடத்தடியிலிருந்து தானாய் உருண்டு
நடுவழியால் போய்
வாசல் தாண்டி மணலில் சாய்ந்தது.

அடுத்த சனி
ஆய்வுகூடத்தில் கையெழுத்து வைத்து
மட்டமானியை எடுத்துவந்தோம்.
பீடத்துக்கும் வாசலுக்கும்
நாற்பத்தொரு மில்லிமீற்றர்.

"சண்டை முடிஞ்ச கையோட போட்ட தரை.
கூரை வந்ததே பெரிசு,
ஆர் மட்டம் பார்த்தது?" என்றார்
சபைத் தலைவர் லூர்துநாயகம்.
"பெடியள் ஏன் வெளியால போறாங்கள் எண்டு
இப்ப விளங்குது" என்றான் றொக்சன்.
நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
வாசலில் குந்தி, தரையைக் கையால் தடவிப் பார்த்து,
"நிரவ எவ்வளவு சீமெந்து பிடிக்கும்?"

அவர்கள் எங்களைக் கேட்ட முதற் கேள்வி.
வாசகத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம்.
ஹசித பெருக்க, அக்சலா பிழை பார்த்தாள்.
வீண்போவதற்கு ஒன்று சேர்த்து
இருபத்தாறு பை.

இந்தப் புதன் றொக்சனுக்குச் சோதனை.
பத்தென்று சொல்லிவிட்டேன்.
முதல் வாசகம் முடிய
சீமெந்துக் கடைப் பற்றுச்சீட்டோடு தலைவர் வந்து
கடைசி வரிசையில் இருந்தார்,
கதிரையின் மடிப்புப் பலகையை
எந்தப் பக்கம் நிமிர்த்துவதென்று தெரியாமல்.

நற்கருணை நேரம்
பாதர் பாத்திரத்தைப் பார்த்தார்,
பிறகு என்னை.
கடைசி அப்பத்தை
இரண்டாய் உடைத்தார்.