பங்கேற்பாளர் ஏழு

பகலில் ரோலாவில் டைப்பிங் சென்டர்.
விசா, ரத்து, புதுப்பித்தல், தொலைந்த அட்டை.
ஆட்களைக் கட்டங்களுக்குள் உட்கார வைக்கும் வேலை.
மாலையில் பல்கலைக்கழகம்.
அங்கேயும் கட்டங்கள்தான்,
சொற்கள் மட்டும் கொஞ்சம் நீளம்.

‘வளைகுடாவில் தமிழ்த் தொழிலாளர்’ என்று
முதல் நாள் தலைப்போடு போனேன்.
டாக்டர் இஹ்திசாம் கண்ணாடியைக் கழற்றினார்:
"இது தலைப்பில்லை, கண்டம்."
ஏழு மாதத்தில் அது நான்கு முறை இளைத்து
கடைசியில் மிஞ்சியது
சஜாவில் ஒரு முகாம்,
அதில் ஒரு சமையலறை,
ஆறு அடுப்பு, எழுபத்திரண்டு பேர்,
யார் முதலில் சமைக்கிறார், யார் காத்திருக்கிறார்.

அந்தச் சமையலறையை நான் பார்த்ததில்லை.
பெண்ணை உள்ளே விடமாட்டார்கள்.
எதிரே கஃபட்டேரியாவில் வெள்ளிக்கிழமைகளில்
சர்க்கரைப் பொட்டலங்களை மேசையில் அடுக்கி
"இது அடுப்பு, இது சிங்க், இங்க எலி" என்று
எனக்குக் கட்டிக் காட்டினார்கள்.
ஏழு பேர், ஏழு சமையலறை.
ஒன்றில் மட்டும்தான் ஜன்னல் இருந்தது.

ஒப்புதல் படிவத்தை மூன்று மாதம்
அறநெறிக் குழு திருத்தித் தந்தது.
பத்தி நான்கைச் சத்தமாக வாசிக்க வேண்டும்:
‘இந்த ஆய்வால் உங்களுக்கு
நேரடிப் பலன் எதுவும் கிடையாது.’
ஏழாமவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
"பதினாறு வருசத்துல எத்தனையோ பேப்பர் நீட்டியிருக்காங்க.
இப்படி எழுதிக் குடுத்தது நீங்கதாம்மா."
கையெழுத்து மட்டும் போடவில்லை.
"வாயால சரின்னு சொல்றேன், போதுமா?"
போதும்.
குழுவே அதற்கும் ஒரு கட்டம் வைத்திருந்தது.

புனைபெயர் நீங்களே சொல்லலாம் என்றேன்.
ஐந்தாமவர் ‘கேப்டன்’ கேட்டு வாங்கிக்கொண்டார்.
இவர் ரெக்கார்டரைக் காட்டி, நிறுத்தச் சொன்னார்.

பத்தாவது பாஸானது அண்ணன்.
இவர் கணக்கில் போனார்.
ஏஜெண்டுக்குச் சான்றிதழ் வேண்டும், ஆள் யாராயிருந்தால் என்ன.
"பாஸ்போர்ட்டு, அட்டை, பேங்கு,
ரூம்ல கூப்பிடுறது, எல்லாம் அவன் பேருதான்.
அண்ணன் ஊர்ல மினிபஸ் ஓட்டுறான்.
அவனால எங்கயும் போக முடியாது.
அவன்தான் இங்க இருக்கானே."

பிறகு குரலைத் தாழ்த்தி
தன் பெயரைச் சொன்னார்.
"அதையே போடுங்க. இந்த நாட்டுல
யாருக்கும் தெரியாத பேரு அது ஒண்ணுதான்."

அன்றிரவு எழுத்தாக்கம்.
கம்ப்ரெசர் இரைச்சல், கரண்டி விழும் சத்தம்,
அடைப்புக்குறிக்குள் ‘மௌனம், நான்கு நொடி.’
கடனுக்கு மஞ்சள், காத்திருப்புக்குப் பச்சை.
ரெக்கார்டர் நின்றதற்கு அப்புறமான பதினோரு நிமிடத்துக்கு
என்னிடம் நிறம் இல்லை, அனுமதியும் இல்லை.
இதைக் கவிதை என்றால்
குழுவுக்குப் போகாது என்ற தைரியத்தில்
இங்கே எழுதுகிறேன்.
அது தைரியமா என்று தெரியவில்லை.

டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்:
ஒருவரின் உண்மைப் பெயரே
புனைபெயராக இருக்கலாமா?
அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.
பார்த்துவிட்டு, "பக்க எண்கள் வரிசையாக இல்லை" என்றார்.

திங்களன்று கவுண்டரில் ஒரு பையன்,
மீசை சரியாக முளைக்காதவன்,
பாஸ்போர்ட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினான்.
பெயர் அதிலேயே இருக்கிறது, கேட்கத் தேவையில்லை.
கேட்டேன்.
ஒரு நொடி பாஸ்போர்ட்டைப் பார்த்தான்,
அப்புறம்தான் சொன்னான்.
பார்த்துச் சொன்னதையே டைப் செய்தேன்.
கட்டணம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தேன்.

நாற்பத்தொன்றாம் பக்க அடிக்குறிப்பில்
‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று இருக்கிறது.
எந்தப் பெயரை எழுதியிருந்தாலும்
அந்த வரி பொய்யில்லை.