மற்றவை எனில் குறிப்பிடுக

ஐந்தாவது கட்டத்தில் நிறம் கேட்கிறார்கள்.
நிறமற்றது, மஞ்சள், பழுப்பு, கருப்பு,
அதற்கும் கீழே, மற்றவை.
விடியற்காலை நாலே முக்கால்.
குகைப் பாலத்தடியில்
திருமணிமுத்தாற்றில் முழங்கால்வரை
ரப்பர் பூட்சோடு நிற்கிறேன்.
மேலே ஜீப்பில் மாதையன்,
வாயில் பாதி பன்.

நேற்று மலையடியில் எடுத்த புட்டி
குளிர்பெட்டியில் இருக்கிறது.
ஏற்காட்டுச் சரிவில் இறங்கிய தண்ணீர்.
அதற்கு யோசிக்கவே வேண்டாம்:
நிறமற்றது. டிக்.
ஊருக்குள் நடந்து வரவர
ஆறும் எல்லாரையும்போல
எதையாவது வாங்கி உடுத்திக்கொள்கிறது.

துளசிராம் பட்டறையில்
ராத்திரி இரண்டு மணிக்கே திறந்துவிட்டிருப்பார்கள்.
திங்கள் அரக்கு. செவ்வாய் ஆனந்தா.
முகூர்த்த மாதம் முழுக்க மாம்பழ மஞ்சள்.
நேரில் பார்த்தால் டீ சொல்லுவார்;
அவர் நகங்களை மட்டும்
நிறமற்றதாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை.
சாயக்காரர்களிடம் எதற்கும் பேர் உண்டு,
வெங்காயச் சருகு, மூக்குப்பொடி, மயில்கழுத்து.
எல்லாம் சேர்ந்து சாக்கடையாய் ஓடும்போது
பேர் வைக்க யாரும் வருவதில்லை.

பழுப்பு என்று போட்டிருக்கலாம்.
ஆனால் பழுப்பு, பழுத்ததிலிருந்து வந்தது;
இலை தன் வயதைச் செலவழித்துச்
சம்பாதித்த நிறம்.
இங்கே எதுவும் பழுக்கவில்லை.

புகர் என்று எழுதினேன்.

அந்தச் சொல்லுக்கு நான் கடன்பட்டவள்.
தேர்வில் எழுபத்து மூன்றாம் கேள்வி:
புகர், பொருள் யாது?
ஒளி என்ற வட்டத்தைக் கருப்பாக்கினேன்.
குற்றம் என்றது விடைக்குறிப்பு.
நூலகத்தில் அகராதியைப் புரட்டி நகலெடுத்து
பதிவுத் தபாலில் ஆட்சேபம் அனுப்பினேன்.
இரண்டும் சரியென்று பதில் வந்தது.
அந்த ஒன்றரை மதிப்பெண்ணில் கிடைத்தவைதான்
இந்த பூட்ஸ், இந்தப் பெட்டி, இந்த நாற்றம்.

அகராதியில் அது கூட்டுக்குடும்பமாய் இருந்தது.
மங்கிய செம்மண்போல ஒரு நிறம்,
யானை முகத்துப் புள்ளி,
கறை, குற்றம், ஒளி,
கடைசியில், கதவருகே, வானத்துச் சுக்கிரன்.
எங்கிருந்து வந்ததென்று மட்டும் சொல்லவில்லை.
புகைக்கு உறவா? புகுதலுக்கா?
புகுந்த நிறம் என்று வைத்துக்கொள்ள
எனக்கு ஆசை.
ஆதாரம் இல்லை.
அளந்து எழுதும் வேலையில் இருப்பவள்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

நுரை அடங்கட்டுமென்று
புட்டியைக் கிழக்கே தூக்கிப் பிடித்தேன்.
கிச்சிப்பாளையத்துக் கூரைகளுக்கு மேலே வெள்ளி.
செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்கு உருக்குவார்களே, அதல்ல; மற்றது.
கண்ணாடியில் கோணலாக இறங்கி
அரக்குக்கும் ஆனந்தாவுக்கும் நடுவில்
சும்மா நின்றது.
மூக்கைப் பொத்தியிருந்த கையை
எப்போது எடுத்தேனோ தெரியவில்லை.

"என்ன மேடம் எழுதினீங்க?"
சொன்னேன்.
"அப்படின்னா?"
கறை, குற்றம், ஒளி, மூன்றையும் சொன்னேன்.
மாதையன் பன்னை மென்று முடித்தார்.
"கேஸுன்னு போனா
வக்கீலு ஒளின்னு வாதாடிட்டுப் போயிருவாரே."

எனக்கு அது தோன்றவே இல்லை.

மத்தியானம் பொறியாளர் பெனடிக்டா
சிவப்பு மையில் அடித்துத் திருத்தினார்:
பழுப்பு. எண்ணூற்று நாற்பது அலகு.
சரிதான். எண்ணுக்கு ஒரே அர்த்தம்,
துளசிராமுக்கு நோட்டீஸ் போகும்,
அவரும் மூன்று வாரம் பகலில் மட்டும் சாயம் போடுவார்.

புட்டியில் ஒட்டிய சீட்டை யாரும் திருத்தவில்லை.
மார்க்கரில் என் கையெழுத்து.
பெட்டியின் பனிக்கட்டி உருகி
கடைசி எழுத்து மட்டும் கரைந்து
புக
என்று நிற்கிறது.