எண் இருந்த இடம்

அறுபது டாலர்.
அதே மேசையில் ஒரு வாஃபிள் அச்சு,
ஜோடி சேராத இரண்டு ஸ்கேட்டிங் காலணிகள்.
"ஒற்றைக் குழல். மாமனாருடையது,
இல்லை, மாமனாருக்கு யாரோ கொடுத்தது" என்றாள்
வீட்டை விற்று அரிசோனா போகிறவள்.
ரசீது கேட்கவில்லை. யார் கேட்பார்கள்
கராஜ் வாசலில், சனிக்கிழமை, சில்லறைக்கு
காபி டப்பாவைத் துழாவுகிறவளிடம்?

எனக்கு வேண்டியிருந்தது ஒரு சத்தம்.
கொட்டகைக்கு அடியில் குடியிருக்கும்
ஸ்கங்க்கை மிரட்ட.
அவ்வளவுதான்.

நவம்பரில், பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அறையில்,
ஐலா முஸ்தொனென் சொன்னாள்:
அவள் மைத்துனன் வாங்கிய துப்பாக்கி
டுலூத்தில் யார் வீட்டிலோ களவு போனதாம்.
எடுத்துப் போனார்கள். பணமும் போனது.
அவனையும் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள்.
"உன்னுடையதில் எண்ணைப் பாரேன்."

பார்த்தேன். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு,
குழலும் கட்டையும் கூடும் இடத்தில்.
கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வழவழப்பு.
எண் இருந்த இடமா,
எண்ணே இல்லாத இடமா,
இரும்பு வாய் திறக்கவில்லை.

மடியில் கனம் என்பது இதுதான் போலிருக்கிறது.
ஷெரிஃபின் கார் எதிரே வந்தால்
பேருந்து தானாக வேகம் குறைகிறது.
பின்னால் முப்பது பிள்ளைகள்
ஏனென்று கேட்பதில்லை.

வழக்கறிஞருக்கு அரை மணிக்கு இருநூற்று எழுபத்தைந்து.
ஷிம்மெல். மேலே டை, கீழே பனிக்காலணி.
அறுபத்தெட்டுக்கு முன் செய்ததென்றால்
எண் போடாமலே விற்றிருக்கலாம், குற்றமில்லை என்றார்.
போட்டதை யாரோ அழித்திருந்து,
தெரிந்தே வைத்திருந்தால்
ஐந்தாண்டு வரை.
"தெரிந்தே" என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.
உங்களிடம் வந்து கேட்டபின்
தெரியாது என்று எப்படிச் சொல்வேன் என்றேன்.
அதற்கு அவர் ஜன்னலைப் பார்த்தார்.

இங்கே கொண்டு வராதீர்கள்.
வண்டியில் வைக்காதீர்கள்.
ஏரியில் போடாதீர்கள், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.
முக்கியமாக, தேய்க்காதீர்கள்.

அப்போதுதான் சொன்னேன்.
வாங்கிய அன்று மாலை, ரேடியோவில் ஹாக்கி ஓட,
எஃகு நாரும் எண்ணெயுமாக
இரண்டு மணி நேரம் துரு எடுத்ததை.
பழுப்பாக வழிந்தது. பளபளத்தது.
எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஷிம்மெல் பேனாவை மூடினார்.

துருவுக்கு அடியில் ஏதாவது இருந்ததா?
ஒரு மூன்று இருந்தது போல.
இல்லை, எட்டில் பாதி.
இல்லை, வெறும் கீறல்.
இரவில் முழு எண்ணும் வருகிறது,
அச்சடித்ததுபோல் தெளிவாக.
எழுந்து எழுதிவைக்கிறேன்.
காலையில் பார்த்தால்
என் பேருந்தின் எண்.

ஹிப்பிங் என்ற எங்கள் ஊர்
இரும்பின்மேல் உட்கார்ந்திருந்த ஊர்.
தோண்ட வேண்டுமென்று ஒரு காலத்தில்
வீடுகளை மரக்கட்டைகள்மேல் உருட்டித்
தெற்கே தள்ளி வைத்தார்கள்.
எந்தக் குழியில் எத்தனை டன் என்று
இன்றும் ஏதோ அலமாரியில் கணக்கு இருக்கும்.
இந்தக் குழலும் அங்கே வெட்டிய மண்ணாக இருக்கலாம்.
மண்ணாக இருந்தவரை
அதற்கு ஒரு முகவரி இருந்தது.

ஷிம்மெல் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் பேசியிருக்கிறார்,
"என் கட்சிக்காரர் ஒருவர்" என்று மட்டும்.
பதில் வரவில்லை.
அரிசோனா எண்ணில் ஒரு பதிவுக் குரல்,
இந்த இணைப்பு பயன்பாட்டில் இல்லை.
துப்பாக்கி எங்கே இருக்கிறதென்று
நான் யாரிடமும் சொல்லக் கூடாது,
இங்கேயும்.

பிப்ரவரி. ஸ்கங்க் விழித்துவிட்டது.
பனியில் சின்னச் சின்னத் தடம்,
கொட்டகையிலிருந்து சமையலறைக் கதவு வரை.
அங்கே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது.
நான் ஒரு பாத்திரத்தை எடுத்துக் கரண்டியால் தட்டினேன்.
போய்விட்டது.