நான்கு விரற்கடை

கோட்காவின் படகுத்துறையில் கிரேன் ஓட்டுகிறேன்.
அக்டோபரில் படகுகளைக் கடலிலிருந்து எடுப்பேன்,
மே மாதம் திருப்பி வைப்பேன்.
நடுவில் கடல் உறைந்து கிடக்கும்.
அப்போது எனக்கு வேலை பனி தள்ளுவதும்
அடுத்தவர் வேலையை வேடிக்கை பார்ப்பதும்.

குவோவிக்கு ஐம்பது வயது.
ரைலியும் என்சியோவும் அதை வாங்கிய அன்று
விற்றவன் இரண்டு தடவை கை குலுக்கினான்.
இரண்டாவது குலுக்கலில் எனக்குப் புரிந்துவிட்டது.

சுத்தியல் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே
முழங்காலில் நகர்ந்தார் என்சியோ.
டக். டக். டக்.
தொப்.
அறுத்துத் திறந்தால், பால்சா மரம் இருந்த இடத்தில்
காபியில் விழுந்த ரஸ்க்.

ஒரு குளிர்காலம் போதும் என்றார்கள்.

குளிரில் எபாக்சி இறுகாது.
தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் நாலு விளக்கைத் தொங்கவிட்டு
ரைலி உட்கார்ந்திருப்பாள்,
மாவு புளிக்கிறதா என்று
மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவளைப் போல.
வால்வைக் கழற்றினால் குழாய் உடைந்தது.
குழாயை மாற்றினால் தொட்டி ஒழுகியது.
தொட்டியை எடுக்க அடுப்பை எடுக்க வேண்டும்,
அடுப்பை எடுக்க வாசலை அறுக்க வேண்டும்.
வாசலை அறுத்தார்கள்.

இரண்டாம் குளிர்காலம்,
பாய்மரக் கம்பிகளைத் தாங்கும் தகடுகளில்
சிவப்புச் சாயம் பூசித் துடைத்தார்.
வெள்ளைப் பொடி தெளித்துவிட்டுக்
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.
ஆறாவது நிமிடம் பொடியில் ஊறி வந்தது
மயிரிழைச் சிவப்பு.
"இதோடு கிளம்பியிருந்தால்?" ரைலி கேட்டாள்.
"பிஸ்கே வரை போயிருப்போம்."

போயிருப்போம் என்றுதான் சொன்னார். எனக்கு நினைவிருக்கிறது.
ஏனென்றால் மூன்றாம் குளிர்காலத்தில்
வினைச்சொற்கள் மாறிவிட்டன.
பாய் இறக்கும்போது இங்கே நிற்பாய்.
இரவில் இந்த விளக்கைப் போடுவாய்.
இந்தக் கயிற்றை இப்படிச் சுற்றுவாய், அவிழாது.

ஒருநாள் காபி குடிக்கக் கூப்பிட்டார்கள்.
ஏறிப்போய் பின்தளத்தில் உட்கார்ந்தேன்.
பாய்மரத்தடியில் கட்டியிருந்த கயிறுகள் எல்லாம்
கப்பிகள் வழியே ஓடி என் மடிக்கு வந்திருந்தன.
கீழே இரண்டாவது படுக்கை இல்லை,
அந்த இடத்தில் குடிநீர்.
சும்மா கையை நீட்டிப் பார்த்தேன்:
திசைகாட்டி, வின்ச், சுக்கான் பிடி, விசில்.
எல்லாம் எட்டியது. எட்டி, மிச்சமும் இருந்தது.
என் கைக்கு வைத்த அளவு இல்லை,
நான்கு விரற்கடை குட்டையான ஒரு கைக்கு.
என்சியோவுக்கு என்னைவிட நீளமான கை.

காபியை முடித்தேன். நன்றி சொன்னேன். இறங்கினேன்.

அவளுக்கு எப்போது தெரிந்ததோ.
ஏப்ரலில், வின்ச்சின் அடிக்கட்டையை
இன்னும் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னாள்.
தாழ்த்தினார்.
என் காதில் விழுந்த பேச்சு அவ்வளவுதான்.

மே பத்தொன்பது.
குவோவியின் வயிற்றில் பட்டைகளைக் கொடுத்துத் தூக்கினேன்,
நீரில் இறக்கிப் பட்டையை விடாமல் பிடித்திருந்தேன்.
ரைலி டார்ச்சோடு தரைப்பலகைகளுக்கு அடியில்.
கரையில் என்சியோ, கையில் வேலையில்லாமல்.
"ஒழுகுதா?" கத்தினேன்.
பதிலுக்கு நெடுநேரம் ஆனது.
"சொட்டுது."
"எங்கே?" என்றார் அவர்.
"தண்டு வெளியே போகிற இடத்தில்."
"அது சொட்டணும்," என்றார்.
அது சொட்டத்தான் வேண்டும்.
பட்டையை விட்டேன்.

ஜூனில் அவள் போனாள்.
மறுநாள் அவர் துடைப்பத்தோடு வந்து
காலியான தாங்கியின் கீழே
மூன்று வருடத் தூசியைக் கூட்டினார்.
வரும் குளிர்காலத்துக்கு இந்த இடத்தின் வாடகை எவ்வளவு என்று கேட்டார்.
எந்தப் படகுக்கு என்று நான் கேட்கவில்லை.
ரசீது எழுதினேன்.

அரை டின் நீலப் பெயின்ட் மிச்சம் இருந்தது.
மூடியைக் குதிகாலால் மிதித்து இறுக்கி,
காற்றுப் புகாதபடி
தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.